அத்தியாயம் 6: சிப்காட் ஊரில் செப்டம்பர் 21

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க் கண்டிகை, காக்களூர் என்று திருவள்ளூர் மாவட்டத்தின் சிப்காட் போன்ற அரசுத் தொழிற்பேட்டைகளை ஒட்டி வாழ்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். இதில் உள்ளபடி செய்தால் உலக அமைதி நாளுக்காக 60 முதல் 100 பேர் கூடும் ஒரு மாலை நிகழ்ச்சியை, மேடையும் பொன்னாடையும் இல்லாமல், நான்கு வார ஏற்பாட்டில் நடத்திவிடலாம். அதைவிடப் பெரிதாக முதல் வருடமே ஆசைப்படாதீர்கள்.

இந்த அளவு வரலாறு போதும்

உலக அமைதி நாளை ஐ.நா. பொதுச்சபை 1981-இல் அறிவித்தது. 1982 முதல் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமையில் கடைப்பிடித்தார்கள். 2001-இல் எடுத்த முடிவின்படி, 2002 முதல் அது செப்டம்பர் 21 என்று நிலையாகிவிட்டது. அன்று முழுவதும் போர்நிறுத்தமும் வன்முறையற்ற நடப்பும் வேண்டும் என்பது தீர்மானத்தின் சாரம். நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்தில் அமைதி மணியை அடிப்பார்கள். அந்த மணி 1954-இல் ஜப்பானியர் கொடுத்தது, பல நாட்டு மக்கள் தந்த நாணயங்களை உருக்கி வார்த்தது. உள்ளூர் நேரப்படி பகல் 12 மணிக்கு ஒரு நிமிட மௌனம் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

யாராவது கேட்டால் சொல்ல இது போதும். நிகழ்ச்சியில் இதையே அரை மணி நேரம் பேசுவதற்கு ஒருவரை அழைத்துவிடாதீர்கள்.

யாரோடு யார்?

முதல் வேலை ஒரு தாளை எடுத்து, உங்கள் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் யார் யார் என்று எழுதுவது. கும்மிடிப்பூண்டியில் இந்தப் பட்டியல் சீக்கிரம் நீளும். தலைமுறைகளாக இருக்கும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் ஒரு பக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒரு பக்கம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்து, ஒரே அறையில் பலராகத் தங்கி ஷிப்டு பார்க்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். சற்று உள்ளே போனால் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்யும் இருளர் குடும்பங்கள். இவர்களில் இரண்டு தரப்பினர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் அதுவே நிகழ்ச்சி. மற்றதெல்லாம் அலங்காரம்.

ஒவ்வொரு தரப்பிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், என்று குழு அமையுங்கள். எட்டு முதல் பத்துப் பேருக்கு மேல் போனால் கூட்டம் கூட்டத்தான் நேரம் இருக்கும்.

முகாமில் உள்ளவர்களை அழைக்கும் முறை தனி. முகாமுக்குள் நேராகப் போய் நோட்டீஸ் கொடுக்காதீர்கள். வெளியாட்கள் நுழைய அனுமதி வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, நோக்கம், நாள், நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். நிகழ்ச்சியை முகாமுக்கு வெளியே வைத்து அவர்களை விருந்தாளிகளாக அல்ல, குழு உறுப்பினர்களாக அழைப்பது எல்லோருக்கும் சுலபம். முகாமில் உதவித்தொகை கொடுக்கும் நாள், ஆள் கணக்கெடுக்கும் நாள் உண்டு. அது உங்கள் தேதியோடு மோதுகிறதா என்று முகாமில் இருக்கும் அக்கா, அண்ணன் யாரிடமாவது முன்பே கேட்டுவிடுங்கள்.

அமைதி நாள் என்பதால், போரைப் பார்த்து வந்தவர்களை மைக் முன் நிறுத்தி அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். 1983-க்குப் பின் பல கட்டமாக வந்தவர்கள் அவர்கள். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களாகப் பேச வந்தால் கேட்கலாம். மைக்கில் 'அகதி' என்றோ, வெளிமாநிலத் தொழிலாளரை 'வடக்கன்' என்றோ ஒரு வாய் சொன்னால் அன்றைய மாலை அதோடு முடிந்தது. பேசுகிறவர்களிடம் இதைத் தனியாக முன்கூட்டியே சொல்லுங்கள்.

தேதியை ஷிப்டுதான் முடிவு செய்யும்

2026-இல் செப்டம்பர் 21 திங்கட்கிழமை. தொழிற்பேட்டையில் வேலைநாள் நிகழ்ச்சிக்கு இருக்கும் சிக்கலே ஷிப்டுதான். மூன்று ஷிப்டு ஓடும் இடங்களில் காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10, 10 முதல் காலை 6 என்பது பொதுவான கணக்கு. மாலை 5:30-க்கு வைத்தால் முதல் ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்து வரலாம், ஜெனரல் ஷிப்டு முடிந்தவர்கள் வரலாம், இரவு ஷிப்டுக்காரர்கள் போவதற்கு முன் தலைகாட்டலாம். இரண்டாம் ஷிப்டு உள்ளே இருக்கும். கான்ட்ராக்டரிடம் 12 மணி நேரம் பார்ப்பவர்கள் இரவு 8:30-க்கு முன்னால் வர வழியே இல்லை. இவர்கள்தான் பெரும்பாலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். யாருக்காக நடத்துகிறோமோ அவர்களே இல்லாமல் நடப்பது இந்த ஊரின் வாடிக்கையான கதை.

இதற்கு வழி, நிகழ்ச்சியை இரண்டாகப் பிரிப்பது.

1. செப்டம்பர் 21 பகல் 12 மணி: தொழிற்சாலை கேன்டீன், பள்ளி, ரேஷன் கடை, முகாம் என்று அவரவர் இருக்கும் இடத்தில் ஒரு நிமிட மௌனம்.
2. அதற்கு முந்தைய அல்லது பிந்தைய ஞாயிறு மாலை: எல்லோரும் கூடுவது. ஞாயிறு வார விடுமுறை இல்லாத தொழிற்சாலைகளும் உண்டு என்பதால், குழுவில் உள்ள தொழிலாளர்களைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

விநாயகர் சதுர்த்தி இந்த வாரங்களை ஒட்டி வரும் வருடங்களில், சிலை கரைக்கும் ஊர்வல நாட்களைத் தவிருங்கள். 2026-இல் சதுர்த்தி செப்டம்பர் 14. அதற்கு அடுத்த ஞாயிறு 20-ஆம் தேதி. அன்று ஊர்வலம் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு, சந்தேகமாக இருந்தால் 27-க்குத் தள்ளிவிடுங்கள்.

குறிப்பு: செப்டம்பர் 17 அன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் விஸ்வகர்மா பூஜை செய்வார்கள். அழைப்பு கொடுக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அழைத்தால் போய், பிரசாதம் வாங்கிக்கொண்டு, பிறகு உங்கள் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்.

நான்கு வார ஏற்பாடு

1. நான்கு வாரத்துக்கு முன்: குழுவைக் கூட்டி இடத்தை முடிவு செய்யுங்கள். ஊராட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடம், அரசுப் பள்ளி மைதானம் இரண்டும் நல்லவை. கோயில், தேவாலயம், மசூதி வளாகம் வேண்டாம். எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும் மற்றவர்கள் தயங்குவார்கள். தொழிற்சாலை வளாகமும் வேண்டாம், பக்கத்து ஆலைக்காரர் வர மாட்டார்.

2. மூன்று வாரத்துக்கு முன்: ஊராட்சி அல்லது பேரூராட்சியிலும் காவல் நிலையத்திலும் மனு கொடுங்கள். சிப்காட்டை ஒட்டிய இடம் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான நிலையத்தில் கொடுத்த மனு ஒரு வாரத்தைத் தின்றுவிடும். மனுவில் இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் இருவரின் செல்பேசி எண் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு முன்: தொழிற்சாலைகளின் மனிதவள அலுவலரைப் பாருங்கள். கேட்க வேண்டியவை மூன்றுதான்: பகல் 12 மணிக்கு கேன்டீனில் ஒரு நிமிடம், தண்ணீர் கேன்கள், தொழிலாளர்களை ஏற்றி இறக்க ஒரு பேருந்து. பணம் கேட்டால் அவர்கள் பெயர் போட்ட பேனரும் அதிகாரியின் உரையும் கூடவே வரும்.

4. ஒரு வாரத்துக்கு முன்: வாய்மொழி அழைப்பு. அறைகளுக்கு நேரில் போங்கள், இந்தியோ ஒடியாவோ பேசும் குழு உறுப்பினரை முன்னால் விட்டு. வாட்ஸ்அப் நோட்டீஸ் நினைவூட்டத்தான் பயன்படும், அழைக்கப் பயன்படாது.

5. முந்தைய நாள்: இடத்தைச் சுத்தம் செய்து, மின் இணைப்பைச் சோதித்து, கீழே சொல்லும் சமையலுக்கான கடலையை ஊற வையுங்கள்.

சமையலே நிகழ்ச்சி

சாப்பாடு போடுவது வேறு, சேர்ந்து சமைப்பது வேறு. இரண்டாவதையே செய்யுங்கள். மொழி தெரியாத இருவர் ஒரு மேடையில் உட்கார்ந்தால் சங்கடமாக இருக்கும், ஒரு அடுப்பின் முன் நின்றால் அந்தச் சங்கடம் இருக்காது.

நான் சொல்வது சுண்டலும் குக்னியும். பீகாரில் கறுப்புக் கொண்டைக்கடலையை வேகவைத்து வெங்காயம், மசாலா சேர்த்து வதக்கிச் செய்வது குக்னி. ஒடிசாவிலும் வங்காளத்திலும் அதையே காய்ந்த பட்டாணியில் செய்வார்கள். நம் வீட்டுச் சுண்டலுக்கும் அதே கடலைதான், தாளிதமும் தேங்காய்த் துருவலும் மட்டும் வேறு. ஒரே மூட்டைக் கடலையைப் பிரித்து இரண்டு அடுப்பில் ஏற்றலாம். முகாமில் உள்ள அக்காமார் ஒரு சம்பல் அரைத்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள ஆயிற்று. புரட்டாசி பிறந்திருக்கும், திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீடுகளில் அசைவம் ஆகாது. இது சைவம் என்பதால் அந்தப் பிரச்சினையும் இல்லை, யார் கை பட்ட இறைச்சி என்ற கேள்வியும் எழாது. விரதத்தில் வெங்காயத்தையும் தவிர்ப்பவர்களுக்குச் சுண்டல் இருக்கிறது.

1. ஒரு கிலோ காய்ந்த கடலை சிறு தொன்னையில் ஏறக்குறைய 20 பேருக்கு வரும். 100 பேருக்கு 5 கிலோ, கைவசம் ஒரு கிலோ கூடுதல்.
2. முந்தைய இரவே ஊற வையுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் வேகாது. காலையில் தண்ணீரை மாற்றுங்கள்.
3. மாலை 5:30 நிகழ்ச்சிக்கு 3:30-க்கு அடுப்புப் பற்றவைத்தால் போதும். வருகிறவர்கள் கையில் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுங்கள், வேலை இல்லாமல் நிற்பவர்தான் கூச்சப்படுவார்.
4. தேங்காயைக் கடைசியில், பரிமாறும்போது போடுங்கள். முன்பே கலந்த சுண்டல் இந்த வெக்கையில் ஊசிப்போகும். சொதி போன்ற தேங்காய்ப்பால் பதார்த்தங்களைக் கூட்டத்துக்குச் செய்யாதீர்கள்.
5. பாக்குமட்டைத் தட்டு அல்லது வாழையிலைத் தொன்னை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

பரிமாறும் வரிசையில் கவனம் வேண்டும். 'முதலில் ஊர்க்காரர்கள்' என்று தானாகவே ஒரு வரிசை உருவாகும். குழந்தைகள், பிறகு இரவு ஷிப்டு போகிறவர்கள், பிறகு மற்ற எல்லோரும் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இருளர் குழந்தைகளுக்குத் தனியாக ஓரத்தில் கொடுத்தனுப்புவது போன்றவை கண்ணில் பட்டால் உடனே தலையிடுங்கள். அது நடக்கும் இடத்தில் அமைதி நாள் கொண்டாடுவதில் பொருள் இல்லை.

மணி அடிக்கும் முறை

நியூயார்க் மணிக்கு இங்கே மாற்று இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் மணி என்று தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டுதான். தலைமை ஆசிரியரிடம் கேட்டு அதையே பயன்படுத்துங்கள்.

1. எல்லோரும் வட்டமாக நிற்கட்டும். நாற்காலி போட்டால் முன்வரிசை யாருக்கு என்ற தகராறு வரும். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் போடுங்கள்.
2. ஒவ்வொரு மொழி பேசுபவரிலிருந்தும் ஒருவர் வந்து ஒரு அடி. தன் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்ல வேண்டும்.
3. கடைசி அடியின் ஓசை அடங்கியதும் ஒரு நிமிட மௌனம். ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். அறுபது வினாடி நின்று பழகாதவர்களுக்கு நீளமாகத் தெரியும், நடுவில் முடித்துவிடாதீர்கள்.

தொழிற்சாலை சைரனை இதற்கு ஊதச் சொல்லாதீர்கள். உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும் உள்ள வட்டாரத்தில் சைரன் என்றால் விபத்து, இல்லை ஒத்திகை. மௌனத்துக்காக ஊதிப் பழக்கினால், நிஜமாக ஊதும் நாளில் மக்கள் ஓட மாட்டார்கள்.

எழுத்தும் பேனரும்

ஜப்பானில் மசாஹிசா கோய் தொடங்கிய இயக்கத்தின் வழியாக, அமைதி வாசகத்தைப் பல மொழிகளில் எழுதிய கம்பங்கள் உலகின் பல ஊர்களில் நடப்பட்டிருக்கின்றன. நம் ஊரிலும் வைக்கலாமே என்று தோன்றும். முதல் வருடம் வேண்டாம் என்பேன். பொது இடத்தில் நிரந்தரமாக இந்தி எழுத்து வைத்தால், இந்த மாநிலத்தில் அதற்கொரு வரலாறு உண்டு, நிகழ்ச்சி இந்தி எதிர்ப்பு விவாதத்துக்குள் போய்விடும். பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றில் தமிழ் மேலே, தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் கீழே ஒரே அளவில் என்று, அந்தந்த மொழிக்காரரையே எழுதச் சொல்லுங்கள். மாலை முடிந்ததும் மடித்து வைத்து அடுத்த வருடம் எடுக்கலாம்.

ஃபிளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். 2019-இல் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்.

பாதுகாப்பு

- சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஊர்வலம், மனிதச் சங்கிலி எதுவும் கூடாது. சிப்காட் உட்சாலைகளிலும் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள் உண்டு. நடந்தே ஆகவேண்டும் என்றால் குடியிருப்புத் தெருவுக்குள், வெளிச்சம் இருக்கும்போதே.
- மெழுகுவத்தி ஊர்வலமும் பறக்கும் விளக்கும் தொழிற்பேட்டைக்கு ஆகாதவை. காற்றில் போகும் தீ எந்தக் கிடங்கின் கூரையில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செல்பேசி வெளிச்சம் போதும்.
- திருவிழாக்களில் பலூன் ஊத ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துகிறார்கள், தீப்பொறி பட்டால் வெடிக்கும். பலூன் வேண்டாம். புறா பறக்கவிடுவதும் வேண்டாம். கூண்டில் வளர்ந்த வெள்ளைப் புறாவுக்கு வெளியே இரை தேடத் தெரியாது.
- கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் கூட்டத்திலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஈரச் சாக்கு, பொறுப்பாக ஒருவர். நைலான் துப்பட்டாவோடு யாரும் அடுப்பருகே நிற்கக் கூடாது.
- ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நூறு பேருக்கு மைக்செட்டே தேவையில்லை. பக்கத்து அறைகளில் இரவு ஷிப்டுக்காரர் தூங்குவார்.
- செப்டம்பர் மாலைகளில் இங்கே இடியோடு மழை வருவது சகஜம். முதல் இடிக்கே எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடிக்கும் தகரப் பந்தலுக்கும் அல்ல. வெளியே இழுத்த வயரைப் பிடுங்கிவிடுங்கள்.
- ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, காவல்துறைக்கு 112 ஆகிய எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.
- கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முகாமில் இருப்பவருக்கும், கொத்தடிமை நிலையிலிருந்து மீண்டு வந்தவருக்கும், முகம் இணையத்தில் போவது தொல்லையாக முடியலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

பிரமுகரை அழைப்பது முதல் தவறு. அவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார், அதற்குள் இரவு ஷிப்டு பஸ் போய்விடும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு கூட்டத்தை நிரப்புவது இரண்டாவது. கட்சிக் கொடியும் சாதிச் சங்கப் பெயரும் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது மற்றொன்று: குறைகளை அன்று பேசக் கூடாது என்று தடை போடுவது. தேர்வாய்க் கண்டிகையில் சிப்காட்டுக்காக நிலம் எடுத்ததை எதிர்த்து, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அதையே நம்பியிருந்த கிராமத்தார் வருடக்கணக்கில் போராடினார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய் 'இன்று அமைதி நாள், அதையெல்லாம் விடுங்கள்' என்றால் யார் வருவார்? புகை, தண்ணீர், கூலி பாக்கி பற்றிப் பேச வந்தவரை உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி, யாரிடம் கொண்டுபோவது என்று குழுவில் முடிவு செய்யுங்கள். வாக்குறுதி மட்டும் கொடுக்காதீர்கள்.

மறுநாள் செய்ய வேண்டியது

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் படங்கள் அவை. பயந்தவர்கள் ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை வழக்குகள் பதிந்தது. அந்த நாட்களில் ஒரு தொழிலாளிக்குத் தேவைப்பட்டது, 'இந்த ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று தன் மொழியில் சொல்ல, தனக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர்.

ஆகவே மறுநாள் முதல் வேலை, தொடர்புப் பட்டியல். ஒவ்வொரு தெருவுக்கும் அறை வரிசைக்கும் ஒருவர், முகாமுக்கு இருவர், மொழிபெயர்க்க இருவர், காவல் நிலைய எண். வாட்ஸ்அப் குழு வேண்டாம், வதந்தி அதில்தான் வரும். ஒருவர் மூவரைத் தொலைபேசியில் அழைப்பது, அந்த மூவர் ஆளுக்கு மூவரை அழைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான காணொளி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் முதலில் இந்தப் பட்டியலில் உள்ளவரை அழைக்க வேண்டும் என்பதே விதி. தொழிலாளர்கள் எண்ணையும் அறையையும் அடிக்கடி மாற்றுவார்கள் என்பதால் பட்டியல் இரண்டு மாதத்தில் பழசாகிவிடும்.

அக்டோபர் 2 விடுமுறை. காந்தி பிறந்த அந்த நாளை 2007 முதல் ஐ.நா. அகிம்சை நாளாகக் கடைப்பிடிக்கிறது. உங்களுக்கு அது பட்டியலைச் சோதிக்கும் நாள். காலையில் முதல் மூவருக்குப் போன் செய்யுங்கள். மாலைக்குள் கடைசி ஆளிடமிருந்து உங்களுக்கு அழைப்பு வராவிட்டால், சங்கிலி எங்கே அறுந்தது என்று பார்த்து அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடுங்கள்.